டாக்டரிடம் கேள்வி கேட்கிறவள்

என் தம்பி மனைவி மேல் எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளிடம் என்னைவிட நகை அதிகமில்லை. நிறத்திலும் நான்தான் கொஞ்சம் தூக்கல். அவள் வைத்த சாம்பாரை ரசம் என்று நினைத்து என் வீட்டுக்காரர் ஒருமுறை டம்ளரில் வாங்கிக் குடித்திருக்கிறார். படிப்பும் இருவருக்கும் பன்னிரண்டாவதோடு சரி. ஆனால் அவள் டாக்டரிடம் கேள்வி கேட்பாள். அந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை நாளாக எனக்கு வயிறு எரிகிறது.

இது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். எங்கள் பக்கத்தில் டாக்டரிடம் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். உள்ளே போனதும் அவர் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். அவர் என்ன சொன்னாலும் "சரிங்க சார்" என்று தலையாட்ட வேண்டும். அடுத்த ஆள் ஏற்கெனவே ஒரு காலை உள்ளே வைத்திருப்பதால் அவர் முடிப்பதற்குள் எழுந்துவிட வேண்டும். வெளியே வந்து மெடிக்கலில் மாத்திரை வாங்கும்போதுதான் வாய் திறக்கும். "அண்ணே, இது எதுக்கு?" கவுன்டரில் இருப்பவர் மாத்திரைக் கவரின் மேல் பேனாவால் காலை, ராத்திரி என்று கிறுக்கிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்தபின் அதற்கெல்லாம் பெயர் வைத்துவிடுவோம். மஞ்சள் மாத்திரை, பெரிய வெள்ளை, சின்ன வெள்ளை. எந்த நோய்க்கு எது என்பது கடவுளுக்கும் மெடிக்கல்காரருக்கும் தெரிந்தால் போதும்.

நானும் அப்படித்தான். மணவாள நகரில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம், லைனிங் வேண்டுமா வேண்டாமா என்று வருகிறவர்களைக் குடைந்து எடுத்துவிடுவேன். அதே வாய் டாக்டர் முன்னால் போனதும் தைத்துப்போட்ட மாதிரி மூடிக்கொள்ளும். அவர் படித்தவர், நேரமில்லாதவர், கேட்டால் திட்டுவார் என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், புரியவில்லை என்று சொன்னால் முட்டாள் என்று தெரிந்துவிடுமே என்பது.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்தபோது எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்போம், உயிரோடு இல்லை. தம்பிக்கு ஷிஃப்ட் வேலை. அதனால் திருவள்ளூர் பஜார் பக்கத்தில் இருந்த டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பானது. பொறுப்பு என்று சொல்கிறேனே தவிர, அது என் பதவி. பை என் தோளில் இருக்கும். அம்மாவின் கை என் கையில் இருக்கும். வெளியே வந்ததும் அம்மா கேட்பாள்: "இன்னாடி சொன்னாரு?"

"ரத்தம் கொஞ்சம் கெட்டியா கீதாம். மாத்திரைய வுடாம போட்டா இளகிடுமாம்."

அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்க மாட்டார். காதில் விழுந்த இரண்டு வார்த்தைகளை வைத்து மீதியை நானே தைத்துக் கொடுத்துவிடுவேன். அம்மா நம்பினாள். என் மகளுக்கு எல்லாம் தெரியும் என்று பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டாள். எனக்கும் அதில் ஒரு மிதப்பு இருந்தது.

தம்பி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன் கட்டிக்கொண்டவள் அதே சிப்காட்டில் வேறொரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தவள். பஸ் ஸ்டாப்பில் பார்த்துப் பழகிக் கட்டிக்கொண்டார்கள். அவள் வீட்டார் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அம்மா முதலில் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு விட்டுவிட்டாள். குழந்தை பிறந்து அவள் மறுபடி வேலைக்குப் போனபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா கும்மிடிப்பூண்டிக்குப் போனாள். நான்தான் துணிமணியை மடித்து வைத்து வழியனுப்பினேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் போகிறாள் என்று நினைத்தேன். தன் உடம்பையும் சேர்த்து அங்கே கொண்டுபோய்விட்டாள் என்பது பிறகுதான் உறைத்தது.

முதலில் போன் குறைந்தது. தலைச்சுற்றல், கால் எரிச்சல் என்று எதுவாக இருந்தாலும் எனக்குத்தான் முதல் போன் வரும். இப்போது எல்லாம் முடிந்தபின் செய்தி மட்டும் வந்தது. "கால் எரியுதுன்னு போனோம். அவ எல்லாத்தையும் கேட்டுட்டா." அவ, அவ, அவ. என் அம்மாவின் வாயில் அந்த இரண்டெழுத்துச் சொல்லுக்கு இவ்வளவு இனிப்பு உண்டு என்று எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கும்மிடிப்பூண்டியில் இருந்தபோது அம்மா டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. நானும் வருவேன் என்று கிளம்பினேன். தம்பி மனைவியும் வந்தாள். பையை அவள் எடுப்பதற்குள் நான் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

சர்க்கரை கட்டுப்படவில்லை என்று டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார். காலையில் நாஷ்டாவுக்கு முன்னால் போட வேண்டும் என்றார். "சரிங்க சார்" என்று நான் எழுந்துவிட்டேன். அம்மாவும் என் பழக்கத்தில் எழுந்தாள். தம்பி மனைவி மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"சார், எனக்குப் புரியல. இன்னொரு தபா சொல்றீங்களா?"

டாக்டர் அவளைப் பார்த்தார். நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இதுல என்னம்மா புரியல?"

"இந்த மாத்திரை உள்ள போயி இன்னா பண்ணும் சார்? போட்டுட்டு சாப்ட லேட்டாயிட்ச்சின்னா இன்னா ஆவும்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லாக் கேட்டே. சாப்பிடாம இருந்தா சர்க்கரை ரொம்பக் கீழே போயிடும். உடம்பு வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். ஆள் அடையாளம் தெரியாமக் கத்துவாங்க. அப்படி ஆச்சுன்னா, முழுங்கற நிலைமையில இருக்கும்போதே சர்க்கரையோ குளுக்கோஸோ இனிப்பா எது கையில கிடைக்குதோ அதைக் குடுத்துட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு வந்துடணும்."

"சுகர் இருக்கறவங்களுக்கே இனிப்பா சார்?"

"அந்த நேரத்துக்கு அதுதான் மருந்து."

அதோடு விட்டாளா? "நான் சொல்றேன், சரியான்னு பாருங்க சார்" என்று அவர் சொன்னதையெல்லாம் திருப்பி ஒப்பித்தாள். ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னாள். அவர் திருத்தினார். மறுபடி சொன்னாள். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. அவளுக்குப் போகவில்லை. டாக்டர் சிரித்த முகத்தோடு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். நானும் எத்தனையோ முறை அம்மாவோடு டாக்டர் அறைக்குப் போயிருக்கிறேன். எனக்காக ஒருவரும் நாற்காலியை இழுத்துப்போட்டதில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அம்மா அவளைப் பார்த்த பார்வையைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் பன்னிரண்டாவது பாஸானபோது அந்தப் பார்வை வரவில்லை. முதல் ஜாக்கெட்டைத் தைத்து அம்மாவுக்கே போட்டுவிட்டபோதும் வரவில்லை, அக்குளில் பிடிக்கிறது என்றாள். பெற்ற மகள் பையோடு நிற்கிறேன், வந்தவளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருக்கிறாள்.

வெளியே வந்ததும் சொன்னேன்: "டாக்டருங்க பிஸியா இருக்கறவங்க. அப்டிலாம் நோண்டி நோண்டி கேக்கக்கூடாது."

"புரியாம வந்தா வந்தது வேஸ்ட்டு தானே அக்கா?" என்று அவள் சிரித்தாள். குத்திக் காட்டுகிற சிரிப்பில்லை. குத்திக் காட்டியிருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"அதான பாரு" என்றாள் அம்மா.

பெரியபாளையத்தில் பஸ் மாறி வீடு வந்து சேரும்வரை அந்த "அதான பாரு" என் காதில் குடைந்துகொண்டே இருந்தது.

தம்பி வீட்டார் இருப்பது லைன் வீடு. வரிசையாக ஒற்றை அறைகள், பொதுக் குழாய், எல்லாம் கம்பெனி ஆட்கள். ஒடிசாக்காரர்கள், பீகார்க்காரர்கள்கூட உண்டு. சாயங்காலமானால் மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது அவள் வாசலில் நிற்பார்கள். பெரிய வைத்தியச்சி மாதிரி ஏதாவது சொல்லுவாள் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். "எனக்குத் தெரியாதுக்கா. டாக்டராண்ட கேளு. இது எதுக்கு, போடலன்னா இன்னா ஆவும், எதுனா ஒத்துக்கலன்னா எப்ப திரும்ப வரணும். இத கேக்காம எழுந்து வராத." அவ்வளவுதான். தமிழ் தெரியாதவர்களுக்கு அதையே கையால் ஆட்டிக் காட்டுவாள். தெரியாது என்று சொல்லியே ஊரில் பெயர் வாங்கியவளை நான் அங்கேதான் பார்த்தேன். எல்லாம் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு ஒரு பெயரும் இல்லை.

சும்மா இருப்பேனா? வாட்ஸப்பில் வந்த பக்குவப்படி வெந்தயம், கருஞ்சீரகம், ஓமம் எல்லாம் வறுத்து அரைத்து ஒரு டப்பா நிறையக் கொண்டுபோனேன். தினமும் ஒரு ஸ்பூன் போட்டால் மாத்திரையே தேவைப்படாது என்றேன்.

"வச்சிட்டுப் போ. அவ வந்தா ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

அவள் அடுத்த முறை அந்த டப்பாவையே பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். மாத்திரையோடு சேர்த்து இதை இஷ்டத்துக்குப் போட வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டாராம். என் பொடி கடைசியில் அவர்கள் வீட்டு முறுக்கு மாவில் போனது. முறுக்கு நன்றாக வந்ததென்று எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார்கள். தின்ன மனமில்லாமல் ஜாக்கெட் தைக்க வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஊரெல்லாம் மாமியாரும் மருமகளும் எலியும் பூனையுமாக இருக்கிறார்கள். என்னிடம் ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் அளவு கொடுக்கும் நேரத்திலேயே மாமியாரை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் போவார்கள். என் அம்மாவுக்கு மட்டும் அப்படி ஒரு வரம் வாய்க்கவில்லை. "உன்னய ரொம்ப வேல வாங்கறாளாம்மா?" என்று ஒருமுறை மெல்லத் தூண்டிலைப் போட்டுப் பார்த்தேன். "அவளா? தட்டு கழுவக்கூட வுட மாட்டா" என்றாள். தம்பிக்கு நல்ல பெண்டாட்டி அமைய வேண்டும் என்று கோயில் கோயிலாகப் போய் வேண்டியவள் நான். சாமி கொஞ்சம் அதிகமாகவே காது கொடுத்துவிட்டது.

எனக்கென்று மிச்சம் இருந்தது அமாவாசை ஒன்றுதான்.

திருவள்ளூர் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் உடம்பில் இருக்கிற நோயும் கரையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அமாவாசைக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் வரும். நைனா படுத்த படுக்கையானபோது அம்மா இங்கே வந்து வேண்டிக்கொண்டாள். நைனா பிழைக்கவில்லை. அம்மா வேண்டுதலை நிறுத்தவும் இல்லை. தை, ஆடி, புரட்டாசி மூன்று பெரிய அமாவாசைக்கும் முதல் நாள் சாயங்காலமே என் வீட்டுக்கு வந்துவிடுவாள். காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து, எதுவும் சாப்பிடாமல் கோயிலுக்குப் போய், வெல்லம் கரைத்து, சாமி பார்த்து, மதியம் வீட்டுக்கு வந்து நைனாவுக்குப் படைத்தபின்தான் சாப்பிடுவாள். அந்த ஒரு நாள் முழுக்க என் அம்மா. கும்மிடிப்பூண்டிக் கதையை அன்றைக்கு நான் எடுக்கவே மாட்டேன். அம்மா எடுத்தாலும் காய் நறுக்கப் போய்விடுவேன்.

மாத்திரை மாறியபின் வந்த முதல் பெரிய அமாவாசை தை அமாவாசை.

காலையில் ஷேர் ஆட்டோவில் கோயிலுக்குப் போனோம். வழியெல்லாம் வெல்லக் கட்டிகளும் உப்பு மிளகுப் பொட்டலங்களும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அம்மா பேரம் பேசி ஒரு வெல்லப் பொட்டலம் வாங்கினாள். குளக்கரையில் கால் வைக்க இடமில்லை. "கொஞ்சம் குந்திக்கறேன்டி" என்று படியில் உட்கார்ந்தாள். நான் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். தை மாதத்துப் பனி இன்னும் விலகவில்லை. அம்மாவின் ஜாக்கெட் முதுகுப் பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. மடியில் இருந்த வெல்லப் பொட்டலத்தின் மேல் அவள் கை கிடுகிடுவென்று ஆடியது.

"அம்மா, இன்னாமா பண்ணுது?"

"யாருடி நீ? எம் பைய எதுக்குப் புடிக்கற?"

என் கையைத் தட்டிவிட்டாள். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. கூட்டம் கூடிவிட்டது. "சாமி வந்துகீது, கற்பூரம் ஏத்துங்க" என்றார் ஒருவர். ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தன் மகனுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று என் அம்மாவிடம் கேட்கவே ஆரம்பித்துவிட்டாள். "சாமியும் இல்ல பூதமும் இல்ல, பித்தம். எலுமிச்சம்பழம் இருந்தா மோந்து பாக்கக் குடுங்க" என்றது இன்னொரு குரல்.

"எங்கம்மாவுக்கு சுகர் கீதுங்க" என்று கத்தினேன்.

அது இன்னும் பேஜாராகப் போனது. "ஐயையோ, சுகர் ஏறிப்போச்சு! மொதல்ல அந்த வெல்லத்த அந்தாண்ட வாங்கு!" பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் மடியில் இருந்த பொட்டலத்தைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சர்க்கரை நோயாளி இருக்கிற வீட்டில் வெல்லம் என்றால் விஷம் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம்.

தம்பி மனைவிக்குப் போன் போட்டேன். யோசிக்கவே இல்லை. விரல் தானாக அவள் பெயரை அழுத்தியது. மணி அடித்து அடித்து நின்றது. கம்பெனிக்குள் போனால் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், ஷிஃப்ட் முடிந்துதான் கையில் கிடைக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி போட்டேன். எல்லா நாளும் என் அம்மாவுக்கு முன்னால் வந்து நிற்கிறவள், வேண்டிய நேரத்தில் இல்லையே என்று ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

அப்போதுதான் அந்த டாக்டர் அறை நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்று சொல்வது தப்பு, அதை நான் மறந்ததே இல்லை. அன்றிலிருந்து தையல் மிஷினில் உட்காரும்போதெல்லாம் அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன பெரிதாகக் கேட்டுவிட்டாள், எந்த இடத்தில் தப்பாகச் சொன்னாள் என்று குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே திருப்பித் திருப்பி ஓட்டினேன். பிரியமானவர்கள் சொன்னது பாதி மறந்துவிடும். பொறாமையோடு கேட்டது ஒரு எழுத்து குறையாமல் நிற்கும். வேர்க்கும். கை நடுங்கும். பேச்சு குழறும். ஆள் அடையாளம் தெரியாமல் கத்துவார்கள்.

அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். "காலையில மாத்திரை போட்டியாமா?"

"போ... போட்டேன். ஒரு நாள்கூட வுடக்கூடாதுன்னா அவ."

"இன்னா சாப்ட்ட?"

"அமாவாசைடி, சனியனே."

விரதத்தையும் விடவில்லை, மாத்திரையையும் விடவில்லை. இரண்டையும் ஒழுங்காகச் செய்திருக்கிறாள். நான் குளிக்கப் போன நேரத்தில் ஒரு மடக்குத் தண்ணீரில் மாத்திரையை முழுங்கியிருக்கிறாள். மாத்திரை சாப்பாட்டில் சேராது, விரதம் கெடாது என்பது அவள் கணக்கு.

வெல்லப் பொட்டலத்தை அந்த அம்மாள் கையிலிருந்து இழுத்தேன். அவள் விடவில்லை. "இன்னாமா பண்ற நீ? சுகர்காரிக்கு வெல்லமா?" நானும் விடவில்லை. காகிதம் கிழிந்து கட்டிகள் படியில் உருண்டன. ஒன்றை எடுத்துப் படியிலேயே தட்டி உடைத்து, ஒரு சின்னத் துண்டை அம்மாவின் வாயில் வைத்தேன்.

அம்மா உதட்டை இறுக்கினாள். "சாமிக்கு வச்சதுடி."

"சாமி கோச்சிக்காது. முழுங்குமா."

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "பெத்த பொண்ணு இப்டி பண்ணுமா? மருமவளா இருக்கும்."

"பின்ன? பாத்தாலே தெர்ல?" என்றது இன்னொன்று.

அதற்குக் கோபப்பட அப்போது நேரமில்லை. எடுத்து வைத்துக்கொண்டேன், பிறகு பட்டுக்கொள்ளலாம் என்று. மீதி வெல்லத்தைப் பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். முழுங்கினாள். தப்பாகிவிட்டால் என் கையாலேயே அம்மாவைக் கொன்றவளாவேன் என்று ஒவ்வொரு வாய்க்கும் பயந்தேன். அந்த டாக்டர் சொன்னதைத் தவிரப் பிடித்துக்கொள்ள எனக்கு வேறு எதுவும் இல்லை. நேரம் போனதே தெரியவில்லை. கையின் ஆட்டம் மெல்லக் குறைந்தது. கண் என் மேல் வந்து நின்றது.

"ஏண்டி அழுவற? மொதல்ல முந்தானைய சரி பண்ணு, ஜனங்க பாக்குது."

"சாமி மலையேறிட்ச்சி" என்று கற்பூரம் ஏற்றச் சொன்னவர் கும்பிட்டார்.

ஆட்டோ பிடித்து ஜி.எச். போனோம். விரலில் குத்திப் பார்த்தார்கள். அப்போதும் சர்க்கரை குறைவாகத்தான் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். இந்த மாத்திரையின் வேகம் உடனே போகாது, மறுபடி இறங்கலாம், அதனால் நாளைக்குப் பார்த்துவிட்டுத்தான் விடுவோம் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. சின்ன வயதுதான். "வெல்லம் குடுத்தது நல்லதாப் போச்சு. இல்லன்னா ரொம்பக் கஷ்டமாயிருக்கும். யாரு குடுத்தது?"

நான் வாயைத் திறந்தேன். கட்டிலில் இருந்து அம்மா முந்திக்கொண்டாள். "எம் மருமவ சொல்லிக் குடுத்துகீறா டாக்டர். அவ எல்லாத்தயும் கேட்டு வச்சிக்குவா."

டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்கதான் மருமகளா?"

"பொண்ணு" என்றேன். ஒரே நாளில் இரண்டாவது முறையாக என்னை மருமகளாக்கிவிட்டார்கள்.

அம்மா சொன்னது பொய்யாக இருந்தால் நான் ஒரு பாட்டம் அழுது தீர்த்திருப்பேன். உண்மை. அதனால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து, குழந்தையை அன்றைக்குப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டிலேயே விட்டுவிட்டு, அவளும் தம்பியும் வந்தார்கள். கம்பெனி மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அப்படியே கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்த விரதம் இருப்பாங்களாக்கா? எனக்குத் தெரியவே தெரியாதே. எங்க ஊட்டுல ஒரு வேள கூட சாப்டாம இருந்ததில்ல. நான் எல்லாத்தயும் கேட்டேன். இத கேக்கலயே."

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அவள் தலையைத் தொட்டு ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் அம்மாவைப் பற்றி இவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, எனக்கு மட்டும் தெரிந்தது இருக்கிறது என்று சந்தோஷம். அம்மா குளுக்கோஸ் ஏறிக்கொண்டு படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு சந்தோஷம் வரலாமா? வந்தது.

அது ஆறியபின் இன்னொன்று தோன்றியது. அவளுக்கு மாத்திரை தெரியும். எனக்கு விரதம் தெரியும். இருவரும் ஒரு தடவை போனில் பேசியிருந்தால் விஷயம் டாக்டரிடம் போயிருக்கும், அம்மா இந்தக் கட்டிலுக்கு வந்திருக்க மாட்டாள். நாங்கள் ஏன் பேசிக்கொள்வதில்லை என்பதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். வீட்டுக்குப் போகலாம், மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறேன், உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று மடமடவென்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். வழக்கம்போலத் தம்பி மனைவி கேட்பாள் என்று பார்த்தேன். அவள் இன்னும் பயம் தெளியாமல் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர், நில்லுங்க."

என் குரல்தான். வாடிக்கையாளரைக் கூப்பிடுகிற மாதிரி சத்தமாக வந்துவிட்டது. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"எங்கம்மா பெரிய அமாவாசைக்கெல்லாம் மதியம் வரைக்கும் சாப்ட மாட்டாங்க. சொன்னாலும் கேக்க மாட்டாங்க. அன்னிக்கு இந்த மாத்திரைய இன்னா பண்றது?"

டாக்டரம்மா திரும்பி வந்தார். அம்மாவிடம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள், தண்ணீராவது குடிப்பீர்களா என்றெல்லாம் விசாரித்தார். அம்மா புதுப்பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். விரதமே வேண்டாம், அதுதான் நல்லது என்றார். விடவே முடியாது என்றால், அமாவாசைக்கு முன்னாலேயே டாக்டரைப் பார்த்து அன்றைக்கு மாத்திரை எவ்வளவு, எப்போது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எதுவாக இருந்தாலும், சாப்பிடப் போவதில்லை என்றால் மாத்திரை போடக்கூடாது. குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் வெளியே போகக்கூடாது. வேர்த்து நடுங்கினால் விரதத்தை அந்த நிமிஷமே முடித்துக்கொள்ள வேண்டும்.

நான் அதை அப்படியே திருப்பிச் சொன்னேன். ஒரு இடத்தில்கூடத் தப்பு வரவில்லை. "கரெக்ட். இதை நீங்க கேட்டது ரொம்ப நல்லது" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. டாக்டர் அறைகளில் முழுங்கிய "சரிங்க சார்" எல்லாம் அன்றைக்குத்தான் செரித்தது. இப்போது அந்தப் பார்வை எனக்கு வரும் என்று அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

அம்மா மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ சொல்றது சரியாமா?"

"சரிதான் அத்த. எனக்கு இத கேக்கவே தோணல. அக்காதான் கேட்டாங்க."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "எதுக்கும் நீ ஒரு தபா போயி டாக்டர கேட்டுக்கினு வந்துடு."

அவள் எழுந்திருக்காமல் என் முகத்தைப் பார்த்தாள். "போய்ட்டு வா" என்றேன். வேறென்ன சொல்வது? டாக்டரம்மா வார்டின் அந்தக் கோடிக்குப் போயிருந்தார். அவர் பின்னால் அவள் ஓடினாள். நான் துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். தம்பி ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டதாகப் போன் செய்தான். அம்மாவின் செருப்பை எடுத்துக் காலில் மாட்டிவிட்டு, எழுந்திருக்கச் சொல்லிக் கையை நீட்டினேன்.

"இரு" என்றாள் அம்மா. "அவ வரட்டும்."